கற்கோடரி காணவில்லை

அந்த மலையில் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. காற்றுக்கு அது வசதியாகப் போய்விட்டது. கீழே கிளம்பினால் எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் நேராக மேலே வந்து, கூடாரத் துணிகளை நாலு அறை அறைந்துவிட்டு, தோண்டிப்போட்ட குழிகளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபக்கமாக இறங்கிப் போனது.

ஜீப்பிலிருந்து இறங்கிய அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். துப்பறிவது அவள் தொழில். உதவியாளன் சொந்த அண்ணன் மகன். துப்பறியச் சொல்லி வருகிறவர்கள் எதிரிலும் வாய் நிறைய "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டே அந்தப் பெயரை ஊருக்கெல்லாம் பரப்பிவிட்டான். பதிலுக்கு அவள் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தாள்.

"டைரக்டர் கூப்பிட்டிருக்கார்னு நீங்க சொன்னதும் சினிமான்னு நெனச்சு ஷேவிங் எல்லாம் பண்ணிட்டு வந்தேன் அத்தை. இங்க என்னடான்னா குழி குழியா வெட்டி வெச்சிருக்காங்க."

"ஹீரோவைப் புதைக்கறதுக்கு. வா."

அகழாய்வு டைரக்டர் அவர்களைத் தகரக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். தோண்டி எடுத்த பொருள்களை வைக்கும் இடம் அது. தட்டுத் தட்டாகப் பானை ஓடுகள், மாட்டு எலும்புகள், கல் ஆயுதங்கள். மேஜை மீது ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையின் நடுவில் கோடரி படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது.

"புதிய கற்காலம்மா. செம்பு, இரும்பு எதுவும் தெரியாத ஜனங்க. கல்லைத் தேய்ச்சு மெருகேத்தியே காட்டை வெட்டி, வீடு கட்டி, மாடு வளர்த்து இந்த மலையில குடியிருந்தாங்க. அவங்க கோடரி நிறைய கெடைச்சிருக்கு. ஆனா இது மாதிரி ஒண்ணு நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல." டைரக்டரின் குரல் இறங்கியது. "நேத்து சாயங்காலம் பார்த்தேன், இருந்தது. இன்னிக்குக் காலையில இல்ல. நாளைக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து நிபுணர் வந்து சோதனைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தது."

"பூட்டு?"

"உடைக்கல. சாவி எங்க நாலு பேர்கிட்டதான் உண்டு. நான், போட்டோகிராபர், பானை ஒட்டற வாத்தியார், குழியைப் பார்த்துக்கற ஆய்வு மாணவி. நேத்து கடைசியா இங்கேர்ந்து போனது அந்தப் பொண்ணுதான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. கூடாரத்துல உக்கார வெச்சிருக்கேன். போலீஸ்ல சொன்னா ஊரெல்லாம் நாறிப்போகும். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா எனக்கு வேற வழியில்ல."

அத்தை மற்றத் தட்டுகளைப் பார்த்தாள். கோடரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சிப்பி மணிகளைக் கோத்த ஒரு மாலை, கண்ணைப் பறிக்கும்படி இருந்தது.

"இதை ஏன் விட்டுட்டான்?"

"திருடனுக்குக் கழுத்து இல்லையோ என்னவோ" என்றான் ரேடியோ.

போட்டோகிராபர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் பேசும் மனிதர். காணாமல்போன கோடரியின் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கருநீலக் கல். தண்ணீரிலிருந்து இப்போதுதான் தலை தூக்கிய மீனைப்போல் மின்னியது. அத்தை திரையையும் தட்டில் கிடந்த மற்றக் கோடரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவை எல்லாம் முனை மழுங்கி, ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, உழைத்து ஓய்ந்த கிழவர்களின் பல்வரிசை போல இருந்தன. இந்தக் கோடரியின் வாயில் ஒரு கீறல் இல்லை.

"இதை வெச்சு யாரும் எதையும் வெட்டலையே சார்?"

"சடங்குக்காகச் செஞ்சிருக்கலாம்" என்றார் டைரக்டர்.

"எது புரியலேன்னாலும் சடங்குன்னு எழுதிடுவீங்களா சார்?" என்று கேட்டான் ரேடியோ. "எங்க வீட்டுல கல்யாணத்துக்கு வந்த டீ செட்டு ஒண்ணு பெட்டியைத் திறக்காமலே இருக்கு. அதுவும் சடங்குதானா?"

டைரக்டர் முகம் சுருங்கியது. போட்டோகிராபர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். "இந்த மலைக்கு ஒரு ராசி உண்டுங்க. வேலையை நிறுத்தச் சொல்லி மேலேர்ந்து எப்ப போன் வந்தாலும், உடனே ஏதாவது கெடைச்சிடும். முதல்ல வளையம் மாதிரி ஒரு கல்லு. அப்புறம் பச்சைக்கல் தொங்கல் ஒண்ணு. இப்ப கோடரி. ஒவ்வொரு தடவையும் வேலையை நீட்டிச்சாங்க."

"கற்கால ஜனங்க நம்ம ஆபீஸ் போனை ஒட்டுக் கேட்டுட்டே இருந்திருக்காங்க அத்தை."

அத்தை சிரிக்கவில்லை. "இப்ப என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"சும்மா ஜோக்குக்கு..."

"உன் வாயிலேர்ந்து இன்னிக்குத்தான்டா உருப்படியா ஒண்ணு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

ஆய்வு மாணவியின் கூடாரத்தில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, கயிற்றில் காயும் இரண்டு சட்டை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குழியில் தூசி தட்டுகிற வண்ணத் தூரிகையின் மயிரில் ஒட்டிய மண்ணை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நீ எடுத்தியாம்மா?"

பதில் இல்லை.

"எடுக்கலேன்னாவது சொல்லு."

தூரிகையை நீவிய விரல் மட்டும் நின்றது. நிமிர்ந்து பார்த்த கண்களில் பயம் இருந்தது. ஆனால் அது தனக்காகப் படுகிற பயமாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் ரேடியோ கிசுகிசுத்தான். "திருடியிருந்தா பொய் சொல்லியிருப்பா. திருடலேன்னா கத்தியிருப்பா. இது என்ன அத்தை மூணாவது ரகம்?"

"அதுதான் எனக்கும் இடிக்குது."

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் வருகைப் பதிவு இயந்திரம் ஒன்று இருந்தது. பெருவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகுதான் தட்டு. வரிசை நகர்ந்தது. ஒரு மனிதரிடம் வந்ததும் இயந்திரம் சிவப்பாக மினுக்கியது. "அடையாளம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்" என்றது பெண்குரலில். அவர் மீண்டும் வைத்தார். மீண்டும் அதே பதில்.

"விடுங்க வாத்தியாரே, உங்களைத்தான் இதுக்குப் பிடிக்காதே" என்று சமையல்காரர் சிரித்தார். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பானை ஒட்டும் வேலை அவருக்கு. தொழிற்பள்ளியில் பட்டறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் பசை வாத்தியார். உள்ளே போனதும் முதல் காரியமாக ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, மாணவியின் கூடாரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஓர் ஆளிடம் கொடுத்தார். அப்புறம்தான் தனக்குப் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போது எல்லார் பேச்சையும் தலையாட்டிக் கேட்டார். எல்லாரும் எழுந்து போன பிறகும் காலித் தட்டின் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அத்தை அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். "கையைக் காட்டுங்க வாத்தியாரே. ரேகை பார்க்கறேன்."

"ரேகை இருந்தாத்தானேம்மா பார்க்கறதுக்கு. பசை அரிச்சுப் போச்சு."

அவர் விரல் நுனிகள் கண்ணாடி போல வழவழவென்று இருந்தன. அத்தை நன்றி சொல்லி எழுந்தாள். அவர் வாசலில் இருந்த வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மலையின் உச்சிப் பக்கம் மெல்ல ஏறிப் போவதைப் பார்த்தாள்.

"எங்கே போறார்?" என்று சமையல்காரரிடம் கேட்டாள்.

"தெனம் போறதுதாங்க. தண்ணி லாரியில வருது, அளந்துதான் குடுக்கறோம். அவர் தன் பங்கை மேல தூக்கிட்டுப் போயிடுவார். செடிக்கு ஊத்தறாராம்."

அத்தை ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ மலையைப் பார்த்தான். "செடியா? இந்த மலையில பச்சையா இருக்கறது அந்தத் தண்ணி டேங்க் ஒண்ணுதானே அத்தை!"

"அவர் சட்டைக் காலர் அழுக்கைப் பார்த்தியா? பங்குத் தண்ணியில துவைக்கறதும் இல்ல. பசை ஒட்டினா விரல் சொரசொரன்னு ஆகும். அவர் விரல் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. தண்ணி வேணும், விரல் தேயணும். என்ன வேலைடா அது?"

வாத்தியார் இறங்கி வரும்வரை காத்திருந்து இருவரும் ஏறினார்கள். உச்சியில் யானை முதுகு போல ஒரு பாறை. அதன் மேல் முழுக்க, படகு வடிவத்தில் நீளநீளமாகப் பள்ளங்கள். புதிய கற்காலத்தார் உட்கார்ந்து கோடரி தேய்த்த இடம் என்று டைரக்டர் ஊன்றியிருந்த பலகை சொன்னது. பள்ளங்களில் எல்லாம் தூசி படிந்து, பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஈர மணல். அதன் மேல் சாம்பல் நிறக் கல்மாவு. வாளி பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது.

ரேடியோ பள்ளத்தருகே உட்கார்ந்து பார்த்தான். அவன் முழங்கால் பாறையில் இருந்த ஒரு குழிவில் சரியாகப் பொருந்தியது. சட்டென்று எழுந்துகொண்டான்.

"என்னவோ மாதிரி இருக்கு அத்தை. யாரோ உக்காந்திருந்த சூடு மாதிரி."

கீழே குழிகளும் கூடாரங்களும் கைக்குட்டை அளவில் தெரிந்தன. அங்கிருந்து பேச்சுச் சத்தம் மேலே வரவில்லை. அத்தை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கணவன் போன பிறகு அவள் வீட்டிலும் சாயங்காலங்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து போயின. அதை அவள் ரேடியோவிடம் சொன்னதில்லை.

"செஞ்சவர் கிடைச்சாச்சு. சோதனைக்குப் போனா சாயம் வெளுத்துடும்னு எடுத்தவரும் அவராத்தான் இருக்கணும். ஆனா கோடரி எங்கே? அவரே வந்து சொல்லட்டும்."

சாயங்காலம் எல்லார் காதிலும் விழும்படி டைரக்டர் சொன்னார், அத்தை சொல்லிக்கொடுத்தபடி: "போலீசுக்குச் சொல்லியாச்சு. ஜீப் வருது. அந்தப் பொண்ணு தன் சாமானை எடுத்து வைக்கட்டும்."

பிறகு டைரக்டரும் ரேடியோவும் தகரக் கொட்டகையின் அடுக்குகளுக்குப் பின்னால் நின்றார்கள். அத்தை மேஜையருகே உட்கார்ந்தாள். வெகுநேரம் காக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பசை வாத்தியார் வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"அந்தப் பொண்ணை விட்டுடுங்கம்மா. நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"அது பழசு இல்ல. நான் தேய்ச்சது. அந்த வளையக்கல்லும் நான் செஞ்சதுதான். பச்சைக்கல் தொங்கலும்தான். ராத்திரி குழியில மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சுடுவேன். காலையில அவங்களே தோண்டி எடுப்பாங்க."

"பேர் வாங்கறதுக்கா?"

"பேரா?" வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. "கண்டெடுத்தது யாரோ, எழுதினது டைரக்டர். இதுல என் பேர் எங்கம்மா இருக்கு?" பெஞ்சில் உட்கார்ந்தார். "மனைவி தவறிட்டா. பொண்ணு தூர தேசத்துல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும். நல்ல பொண்ணுதான், குறை சொல்லலை. இங்க காலையில கூடாரத்தை விட்டு வெளியில வந்தா யாராவது ஒருத்தர் 'வாத்தியாரே, டீ குடிச்சீங்களா'ன்னு கேக்கறாங்க. வீட்டுல, நான் செருப்பை எங்க விட்டுட்டுப் போறேனோ அது அங்கேயேதான் கெடக்கும். காலால தள்ளி வைக்கக்கூட ஆள் கிடையாது. வேலையை மூடறோம்னு போன் வந்த அன்னிக்கு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இன்னும் கொஞ்ச நாள் நடந்தாப் போதும்னுதான் ஆரம்பிச்சேன்."

"பாறைக்குத் தெனம் போவீங்களாமே?"

"அந்தப் பள்ளத்துல உக்காந்து தேய்ச்சா, பக்கத்துல இன்னும் நாலு பேர் உக்காந்து தேய்க்கற மாதிரியே இருக்கும்மா."

அடுக்குக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. வாத்தியார் கவனிக்கவில்லை.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்பவரிடம், இல்லாத ஒன்றை இருந்ததாக வைத்துக் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள். "சரி, கோடரியை என்ன பண்ணீங்க?"

"பாறைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்குல வீசிட்டேன்."

"சுத்தியிருந்த மஞ்சள் துணியை?"

"அதையும் சேர்த்துத்தான்."

அத்தைக்கே தூக்கிவாரிப்போட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "துணியே கிடையாது வாத்தியாரே. கோடரி பஞ்சு மெத்தையில வெறுமனே கெடந்தது. நீங்க பெட்டியைத் திறக்கவே இல்ல!"

டைரக்டர் வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் வாத்தியார் எழுந்து, கை கூப்பிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"ரேடியோ, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. வழியில சலிச்சுக் கொட்டின மண் குவியல்ல கையை விட்டுப் பாரு."

"அங்கே எதுக்கு அத்தை?"

"ஒரு தடவை சலிச்சுத் தூக்கிப் போட்ட மண்ணை இங்க எவனாவது மறுபடியும் தொடுவானா? ஒளிச்சு வைக்க அதைவிட நல்ல இடம் ஏது?"

ரேடியோ திரும்பி வந்தபோது ஒரு கையில் மண் ஒட்டிய கருநீலக் கோடரி. பின்னால் மாணவி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நீங்க எதுக்கு சார் வந்தீங்க? நான்தான் ஒண்ணும் சொல்லலையே!"

"உன்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போறதைப் பார்த்துட்டு நான் உக்காந்திருப்பேனா?" என்றார். "ஆனா நீ ஏம்மா எடுத்தே?"

மாணவி டைரக்டரைப் பார்த்துச் சொன்னாள். "குழியில அதை முதல்ல தொட்டது நான்தான் சார். சுத்தியிருந்த மண்ணு பொலபொலன்னு இருந்தது. காலங்காலமா இறுகின மண்ணு அப்படி உதிராது. சந்தேகமா நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் கோடரியைப் பார்த்துட்டிருந்தாங்க. வாத்தியார் சார் மட்டும் எங்க முகத்தை ஒவ்வொண்ணா பார்த்துட்டிருந்தார். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" டைரக்டர் கத்தினார்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல சார். வாய் வரல. அப்புறம் சோதனைக்கு அனுப்பறீங்கன்னு கேட்டதும், போச்சு, இவரை எல்லாரும் சேர்ந்து அவமானப்படுத்தப் போறாங்கன்னு எடுத்துட்டேன்." அவள் வாத்தியார் பக்கம் கை காட்டினாள். "நான் குழியிலேர்ந்து லேட்டா வர்ற நாள்ல, எனக்குன்னு ஒரு தட்டு மூடி வெச்சிருந்தவர் இங்க இவர் ஒருத்தர்தான் சார்."

தகரக் கூரையைக் காற்று தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. ரேடியோ வாய் வரை வந்த எதையோ விழுங்கிக்கொண்டான்.

டைரக்டர் ஒவ்வொரு தட்டாக எடுத்து மேஜையில் வைத்தார். "உங்களோடது எதெதுன்னு பிரிச்சு வைங்க. எனக்கு ஒண்ணு தப்பினாலும் இங்க நாங்க பண்ணின வேலை அத்தனையும் குப்பை."

வாத்தியார் மறைக்கவில்லை. வளையக்கல்லை எடுத்து ஒதுக்கினார். தொங்கலை ஒதுக்கினார். கோடரியை அதன் பக்கத்தில் வைத்தார். டைரக்டர் கடைசியாக ஒரு சின்ன மண் காளையை நீட்டினார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். ஒரு கொம்பு உடைந்து, தலையைத் திருப்பி யாரையோ பார்ப்பது போல் நின்றது. அதை நீட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்னோடது இல்ல சார்" என்றார் வாத்தியார். காளையை வாங்காமல் குனிந்து பார்த்தார். "இவ்வளவு அழகா எனக்கு வராது."

டைரக்டர் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு தலைமை அலுவலகத்துக்குத் தானே போன் போட்டு நடந்ததைச் சொன்னார். தன் பங்கையும் சேர்த்தே சொன்னார்: சந்தேகப்பட வேண்டிய இடத்தில் நம்ப ஆசைப்பட்டேன் என்று. போலீசுக்குப் போகவில்லை. மலையில் வேலையை நிறுத்தி, குழிகளை மூடச் சொன்னார்கள். வாத்தியாரை இனி எந்த அகழாய்விலும் சேர்ப்பதில்லை என்று மேலே முடிவு செய்தார்கள். மாணவிக்கு அந்தப் பருவத்தின் வேலை போயிற்று. படிப்பைத் தொடரலாம் என்று விட்டார்கள். அதற்காக டைரக்டர் போனில் நிறையவே கெஞ்ச வேண்டியிருந்தது.

மறுநாள் மலையடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் அத்தை வந்த ஜீப் நின்றது. எதிர்ப்பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் பசை வாத்தியார் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். மேலே குழிகளில் மண் தள்ளும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவர் தலை நிமிர்ந்து தாழ்ந்தது.

"கிளம்பலாமா அத்தை?" என்றான் ரேடியோ.

"பஸ் வரட்டும்."

சரிவில் செருப்புச் சத்தம் கேட்டது. முதுகுப் பையும் சுருட்டிய படுக்கையுமாக மாணவி இறங்கி வந்தாள். நேராகப் பெஞ்சுக்குப் போனாள்.

"கொஞ்சம் நகருங்க சார்."

அவர் நகர்ந்தார். அவள் உட்கார்ந்து, படுக்கையைக் காலடியில் போட்டுக்கொண்டாள். இருவரும் வெறும் சாலையைப் பார்த்தார்கள்.

"உங்க வீடு வழியிலதானே சார்? எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல போறேன்."

வாத்தியார் பதறிவிட்டார். "வேணாம்மா. வீடு பூட்டிக் கெடந்து எத்தனை காலம் ஆச்சு. உள்ள கால் வைக்க முடியாது. முழங்கால் வரைக்கும் தூசி இருக்கும்."

அவள் பையின் பக்கவாட்டு அறையிலிருந்து வண்ணத் தூரிகையை உருவி அவர் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினாள்.

"தோண்டறவகிட்ட வந்து தூசின்னு பயமுறுத்தறீங்களே சார்!"